தேயிலைக் கேள்வியில் கோட்டை விட்ட தோட்டத்துப் பெண்

நீட் தேர்வை இரண்டு தடவை எழுதினேன். முதல் தடவை உயிரியலில் 360-க்கு 208, இரண்டாம் தடவை 296. மருத்துவக் கல்லூரி கிடைக்கிற மதிப்பெண் இல்லை. இப்போது சித்த மருத்துவம் படிக்கிறேன். அதனால் சாதித்த கதை என்று நினைத்து யாரும் இதைப் படிக்க வேண்டாம். ஆனால் அந்த இரண்டு தேர்வுக்கும் நடுவில், உடலும் செடியும் தம்மைத் தாமே சீராக்கிக்கொள்ளும் பாடங்களை நான் படித்த விதம் அடியோடு மாறியது. ஹார்மோன், சிறுநீரகம், உடல் வெப்பம், தாவர வளர்ச்சி எல்லாம் அதில் அடக்கம். கூடிய மதிப்பெண்ணில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வந்தது.

முதல் வருடம் நான் செய்தது எல்லாரும் செய்வதுதான். சுரப்பி, ஹார்மோன், வேலை என்று மூன்று கட்டம் போட்டு, சுவரில் ஒட்டி, பல் தேய்க்கும்போதுகூட முணுமுணுத்துக்கொண்டிருப்பேன். அப்போது ஒரு பயிற்சித் தேர்வில் கேட்டிருந்தார்கள்: தேயிலைத் தோட்டங்களில் தண்டின் நுனியை நீக்குவதால் பக்கக் கிளைகள் பெருகுவது எந்த ஹார்மோன் குறைவதால்? நான் ஜிப்ரெல்லின் என்று குறித்துவிட்டு வந்தேன்.

எங்கள் வீடு ஊட்டிக்குக் கீழே ஒரு தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கிறது. அம்மா இருபது வருடமாகக் கொழுந்து பறிக்கிறார். அப்பா கவாத்து (செடியைக் கத்தரித்து) வெட்டுகிறவர். அந்த வீட்டுப் பெண் தேயிலைக் கேள்வியில் தப்பு விட்டால் எப்படி இருக்கும்! அன்று ராத்திரி அம்மாவிடம், “எதுக்கும்மா நுனிய கிள்ளணும்?” என்று கேட்டேன். சட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “கிள்ளாம விட்டா மரமாப் போயிரும்டி. கிள்ளினாத்தான் பக்கத்துல இருந்து பொங்கி வரும்.”

நுனி ஆதிக்கம் என்ற பாடம் முழுக்க இந்த இரண்டு வரிதான். நுனி மொட்டு ஆக்சின் என்ற ஹார்மோனைத் தண்டு வழியாகக் கீழே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அது வந்துகொண்டிருக்கும் வரை பக்க மொட்டுகள் தலைதூக்குவதில்லை. நுனியைக் கிள்ளியதும் அந்த வரத்து நின்றுபோகிறது. மொட்டைத் தூண்டும் சைட்டோகைனின் என்ற ஹார்மோனின் கை ஓங்குகிறது. பக்க மொட்டுகள் விழிக்கின்றன. (மொட்டு விழிப்பதில் சர்க்கரைக்கும் பங்கு உண்டு என்று இப்போது சொல்கிறார்கள். அதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், தேர்வில் ஆக்சின் என்றே குறியுங்கள்.) புதிதாகக் கிளம்பிய மொட்டு தானே ஒரு நுனியாகி ஆக்சின் சுரக்க ஆரம்பிக்கும். அதனால்தான் அம்மா வாரம் தவறாமல் அதே செடிக்குத் திரும்பிப் போக வேண்டியிருக்கிறது.

அப்பா தன் பங்குக்குக் கவாத்தைப் பற்றிச் சொன்னார். நான்கைந்து வருடத்துக்கு ஒரு தடவை செடியை மொட்டையாக வெட்டுவார்கள். வெட்டுவதற்கு முன் வேரில் மாவுச்சத்து இருக்க வேண்டும், இல்லாவிட்டால் செடி திரும்பி வராது. சந்தேகமிருந்தால் வேரை நறுக்கி அயோடின் விட்டுப் பார்ப்பதுண்டு. கருநீலமானால் வெட்டலாம். ஆய்வகத்தில் உருளைக்கிழங்குத் துண்டில் நான் செய்த அதே சோதனை! இலை ஒன்றுகூட இல்லாத செடி எதைத் தின்று துளிர்க்கிறது என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை.

அதற்கு அப்புறம் சுவரில் இருந்த அட்டவணையைக் கிழித்தேன். தினசரிக் காலண்டரில் கிழிக்கும் தாள்களின் பின்பக்கத்தில், ஒரு தாளுக்கு ஒரு நிகழ்வு என்று எழுத ஆரம்பித்தேன். ஒவ்வொன்றுக்கும் நான்கே கேள்வி. மாற்றத்தை யார் கவனித்தது? யார் சேதி கொண்டுபோனது? யார் வேலை செய்தது? வேலை எப்போது நின்றது? முதல் மூன்றுக்கும் புத்தகம் நேராகவே பதில் தந்துவிடும். நான்காவதுதான் ஆளைத் தடுக்கும். தேர்வில் சுற்றி வளைத்துக் கேட்கப்படுவதும் பெரும்பாலும் அதுதான். எதிர்மறைப் பின்னூட்டம் (விளைவே தன்னைக் கிளப்பிய காரணத்தை அடக்குவது) என்று மனப்பாடம் செய்த சொல் எனக்குப் புரிந்தது இந்த நான்காவது கேள்வியை எழுதும்போதுதான்.

ஒரு தாளை விரித்துக் காட்டுகிறேன். பனிக்காலம். ஜனவரியில் தலைகுந்தா பக்கம் புல்வெளி வெள்ளை வெளேர் என்று கிடக்கும். லயத்தில் கழிப்பறை வரிசையின் கடைசியில். ராத்திரி மூன்று தடவை கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓட வேண்டும். தண்ணீரே குடிக்கவில்லை, அப்புறம் ஏன்? தோலின் வெப்ப உணர்விகள் குளிரைக் கவனிக்கின்றன, மூளையின் ஹைபோதலாமஸ் பகுதி நரம்பு வழியாக உத்தரவிடுகிறது, தோலுக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. வெப்பம் வெளியே போகாமல் காக்க இது நல்ல ஏற்பாடு. ஆனால் கை கால் தோலில் இருந்த இரத்தமெல்லாம் நடு உடலுக்கு வந்து சேர்கிறது. இதயத்தின் மேலறையான ஏட்ரியத்தின் சுவர் விரிகிறது. உடம்புக்கு அது ‘இரத்தம் கூடிவிட்டது’ என்று தோன்றுகிறது. ஏட்ரியத்திலிருந்து ஏ.என்.எஃப். (சிறுநீரைக் கூட்டும் ஹார்மோன்) சுரக்கிறது, மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் பின்கதுப்பிலிருந்து வரும் ஏ.டி.எச். (சிறுநீரைக் குறைக்கும் ஹார்மோன்) குறைகிறது. சிறுநீரகம் தண்ணீரைத் திரும்ப எடுப்பதைக் குறைத்துக்கொள்கிறது. எழுந்து ஓட வேண்டியதுதான். இது எப்போது நிற்கும்? போர்வைக்குள் உடல் சூடானதும் தோல் குழாய்கள் விரியும், இரத்தம் திரும்பிப் போகும், ஏ.டி.எச். பழைய நிலைக்கு வரும். ஒரு தாளில் வெப்பச் சீராக்கம், இரத்த அழுத்தம், சிறுநீரகம் மூன்றும் வந்துவிட்டன. இரத்த அழுத்தத்தை உயர்த்தும் ரெனின்–ஆஞ்சியோடென்சின் பாதைக்கு ஏ.என்.எஃப். கடிவாளம் என்ற ஒரு வரியை முதல் வருடம் நான் தாண்டிப் போயிருந்தேன்.

சிறுநீரகத்தில் எண்களையும் இப்படியே பிடித்துக்கொண்டேன். நிமிடத்துக்கு 125 மில்லி வடிகட்டினால் ஒரு நாளைக்கு 180 லிட்டர். எங்கள் வீட்டுத் தண்ணீர்க் குடம் 15 லிட்டர் பிடிக்கும், அதில் பன்னிரண்டு குடம். வெளியே வருவது ஒன்றரை லிட்டர். மீதியெல்லாம் திரும்ப எடுக்கப்படுகிறது. குடம் தூக்கியவர்களுக்கு இந்தக் கணக்கு மறக்காது.

காய்ச்சலில் பலர் சறுக்குவார்கள். அப்பாவுக்கு 102 டிகிரி ஃபாரன்ஹீட் அடிக்கும்போது உடம்பு கொதிக்கிறது, ஆனால் குளிருகிறது என்று நடுங்குவார். சீராக்கம் கெட்டுப்போனதா? இல்லை. தொற்றின்போது உருவாகும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள், ஹைபோதலாமஸின் இலக்கை 37 டிகிரி செல்சியஸிலிருந்து மேலே ஏற்றிவிடுகிறது. புதிய இலக்கை எட்டும் வரை உடம்பு தன்னைக் குளிர்ந்ததாகவே எண்ணி நடுங்கிச் சூடேற்றுகிறது. பாரசிட்டமால் போட்டால் இலக்கு இறங்கும், வியர்த்துக் கொட்டும். வெயிலில் மயங்கி விழுபவருக்கு இலக்கு மாறுவதில்லை, வெப்பத்தை வெளியேற்ற முடியாமல் போகிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள்.

செடிக்கு மூளை இல்லை, நரம்பு இல்லை. ஆனால் அதே நான்கு கேள்வியை அதனிடமும் கேட்கலாம். மார்ச் வறட்சியில் நீர் குறைந்ததும் அப்சிசிக் அமிலம் என்ற தாவர ஹார்மோன் கூடும். இலைத்துளையைச் சுற்றியுள்ள காப்பு செல்களிலிருந்து பொட்டாசியம் அயனிகள் வெளியேறும், பின்னாலேயே தண்ணீரும் போகும், செல்கள் தொய்ந்து துளை மூடும். மழை பெய்து நீர் கிடைத்ததும் அமிலத்தின் அளவு இறங்கும், துளை திறக்கும். ஏ.டி.எச். செய்வதும் தண்ணீரைக் காப்பதுதான். நான் இந்த இரண்டு தாளையும் ஒன்றாகப் பின் குத்தி வைத்திருந்தேன்.

நான்காவது கேள்விக்குப் பதில் கிடைக்காத தாள்களும் உண்டு. பிரசவ வலியில் ஆக்சிடோசின் சுருக்கத்தைக் கூட்டும், சுருக்கம் ஆக்சிடோசினைக் கூட்டும், குழந்தை வெளியே வந்தால்தான் ஓயும். கூடையில் ஒரு பிளம்ஸ் கனிந்தால் அது விடும் எத்திலீன் வாயு பக்கத்துப் பழங்களையும் கனிய வைக்கும், அவையும் எத்திலீன் விடும். இவை நேர்மறைப் பின்னூட்டம். எண்ணிக்கையில் குறைவு, அதனாலேயே கேட்கப்படும்.

எதிரெதிராக வேலை செய்யும் இன்சுலின்–குளுக்ககான், கால்சிட்டோனின்–பாராதார்மோன் ஹார்மோன் ஜோடிகளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். அட்டவணையே போதும். எல்லாவற்றையும் கதையாக்கப் போனால் நேரம் போய்விடும், அந்தத் தப்பையும் நான் செய்திருக்கிறேன்.

தமிழ் வழியில் எழுதுபவர்களுக்கு: வாசோபிரஸ்ஸினும் ஏ.டி.எச்.சும் ஒன்றே. ஒரே பொருளுக்கு இரண்டு மூன்று பெயர் இருந்தால் எல்லாவற்றையும் தாளின் மேலே எழுதிவிடுங்கள். மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி என்பதால், கலைச்சொற்களை ஆங்கிலத்திலும் அடையாளம் காணத் தெரிந்திருக்க வேண்டும். பாடத்திட்டத்தையும் வருடா வருடம் பாருங்கள். 2024-ல் சில அத்தியாயங்களை எடுத்தார்கள். அதில் போன தாவரக் கடத்துதல் (செடிக்குள் நீரும் உணவும் போகும் விதம்) பாடத்தை நான் இரண்டு வாரம் வீணாகப் படித்திருந்தேன்.

கடைசியாகத் தேர்வு நாள். எனக்கு மையம் கோவையில் விழுந்தது. மே மாதம், மதியம் 2 மணிக்குத் தேர்வு. முதல் தடவை காலையில் கிளம்பி மலை இறங்கினேன். மேட்டுப்பாளையம் வரும்போதே தலை கனத்தது. அறையில் விடைத்தாள் வியர்வையில் நனைந்தது. உடம்பு வெயிலுக்குப் பழக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்று பின்னால் படித்தேன். இரண்டாம் தடவை நான்கு நாள் முன்பே சித்தி வீட்டுக்குப் போய்விட்டேன். முழுதாகப் பழகவில்லைதான். ஆனால் எவ்வளவு தண்ணீர் குடித்தால் தலை கனக்காது, எவ்வளவு குடித்தால் நடுவில் எழ வேண்டிவரும் என்று தெரிந்திருந்தது. உள்ளே ஒளிபுகும் பாட்டில் அனுமதி உண்டு. தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் அரை மணிக்கு இரண்டு வாய் குடித்தேன். ஸ்வெட்டரைக் கீழே வந்ததும் பைக்குள் திணித்துவிடலாம், ஆனால் வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். தேர்வு முடிந்து ராத்திரி பஸ்ஸில் திரும்பும்போது பர்லியார் தாண்டியதும் தேடுவீர்கள்.