மருமகனும் அப்பாவின் தடைக்காலமும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மண்டபத்தில் படகு கரையில் நின்றால் எங்கள் அப்பாவுக்குக் கை பரபரக்கும். கிழிந்த வலையைத் தைப்பார், அது முடிந்தால் அம்மாவிடம் வம்புக்குப் போவார். இந்த வருஷம் அக்கா சென்னையிலிருந்து எட்டு மாதப் பிள்ளையோடு வந்து இறங்கினாள். வலை திண்ணையிலேயே கிடந்தது.

கத்திரி வெயில், கூடவே கடலோரப் புழுக்கம். ரயிலில் ராத்திரி முழுக்க ஒரே டயப்பர். அவிழ்த்துப் பார்த்தால் மருமகனுக்குத் தொடை இடுக்கும் பின்பக்கமும் செக்கச் செவேலென்று இருந்தது. பயல் போட்ட கத்தல் பாம்பன் பாலம் வரை கேட்டிருக்கும்.

எதிர்வீட்டுப் பெரியம்மா பவுடர் டப்பாவோடு ஓடிவந்தார். அவர் கை ஓய்ந்தபோது பிள்ளை, பொரிக்க மாவில் புரட்டிய மீன் மாதிரி கிடந்தான். நல்லவேளையாகத் தடுப்பூசி போட வேண்டிய பிள்ளைகள் இருக்கும் வீடுகளைப் பார்க்க வந்த செவிலியர் அக்கா உள்ளே நுழைந்தார். "முதல்ல அந்த டப்பாவைத் தூக்கி வைங்க. பவுடர் மூச்சுல போகும். ஈரத்துல திரண்டு மடிப்புல உரசும்."

அப்புறம் அவர் சொன்னதுதான் விஷயம். மூத்திரமும் மலமும் சேர்ந்து டயப்பருக்குள்ளேயே தங்கினால், மலத்தில் இருக்கும் நொதிகள் தோலை அரிக்க ஆரம்பித்துவிடும். வெயிலில் வியர்வையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ரெண்டு மூணு மணிக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், மலம் போனால் அந்த நிமிஷமே. வாசனை போட்ட ஈரத்தாள் வேண்டாம், வெறும் தண்ணீர் போதும். தேய்க்காமல் ஒற்றி எடுத்து, நன்றாக உலர்ந்த பிறகு ஜிங்க் ஆக்சைடு களிம்பைக் கனமாகப் பூச வேண்டும். வீட்டில் கிடக்கும் படர்தாமரை மருந்தைப் பூசவே கூடாது, பலதில் ஸ்டீராய்டு இருக்கும். ரெண்டு மூணு நாளில் வாடவில்லை என்றாலோ, சுற்றிலும் சின்னச் சின்னச் சிவப்புப் பொட்டுகள் கிளம்பினாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, தினமும் கொஞ்ச நேரம் காற்றாட அம்மணமாக விட வேண்டும்.

அப்பா இதை வானிலை எச்சரிக்கை கேட்கிற முகத்தோடு கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. நடுராத்திரியில் டயப்பர் ஓரத்தில் விரலை விட்டுப் பார்ப்பார். "ஏத்தா, எந்திரி, நனைஞ்சிருச்சு." கடலில் ராத்திரி வலை இழுத்தவருக்கு இது ஒரு வேலையா? அக்காவுக்குத்தான் கண் சிவந்தது. இடுப்பில் எலாஸ்டிக் தடம் பதிந்திருப்பதைப் பார்த்து, அடுத்த சைஸ் வாங்க வைத்ததும் அவர்தான். அதில் எனக்கும் மறுப்பில்லை.

தகராறு தண்ணீரில் வந்தது. எங்கள் போர் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காது, துவைத்த துணி காய்ந்தால் விறைத்துக்கொண்டு நிற்கும். அதனால் பிள்ளையைக் கழுவவும், அவன் துணியைக் கடைசியாக அலசவும் குடத்துத் தண்ணீர்தான் என்று அப்பா உத்தரவு போட்டார். அம்மா பொங்கிவிட்டார்: "காசு குடுத்து வாங்குற தண்ணி. நாம குடிக்கவே அளந்து குடிக்கிறோம். இவரு பேரன் குண்டிக்கு ஊத்துறாராம்!"

சிவப்பு வாடிக்கொண்டே வந்தது. காலையில் பூவரச மரத்து நிழலில் பாய், அதன்மேல் பழைய வேட்டித் துணி, அதன்மேல் மருமகன் ராஜாவாகக் காற்று வாங்குவான். அந்த நேரம் பார்த்துத்தான் மச்சானின் அப்பா வெள்ளை வேட்டி சரசரக்க வந்தார். "டயப்பர் போட்டுத் தரட்டுமா மாமா?" என்றாள் அக்கா. "எம் பேரன்தானேத்தா, சும்மா குடு" என்று மடியில் வாங்கிக்கொண்டார்.

சும்மாதான் கொடுத்தாள். பயல் தாத்தா முகத்தைப் பார்த்துச் சிரித்தான், முக்கினான், ரெண்டையும் ஒன்றாகவே முடித்துவிட்டான்.

அம்மா பதறிப்போய்க் குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு ஓடிவந்தார். அப்பா குறுக்கே கையை நீட்டினார். "அது பிள்ளைக்கு. சம்பந்திக்குப் போர் தண்ணி போதும்."