துகில் இரவு: பாரதத் திருவிழாவுக்குப் போகிறவர்கள் தவறவிடக் கூடாத ராத்திரி

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத் திரௌபதி அம்மன் கோயில்களில் மகாபாரதக் கதையை நாள்கணக்கில் சொல்லியும் கூத்தாக ஆடியும் நடத்தும் பாரதத் திருவிழா பார்க்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு நாளைத்தான் கணக்கில் வைத்துக்கொள்கிறார்கள்: அர்ச்சுனன் தபசு, துரியோதனன் படுகளம். இரண்டுக்கும் கூட்டம் நெரியும், படமும் நன்றாக விழும். ஆனால் திரௌபதி அம்மனைக் கும்பிடத்தான் போகிறீர்கள் என்றால் துகில் இரவுக்கு, அதாவது சபையில் அவள் சேலையை உரியும் கதையை ஆடும் ராத்திரிக்குப் போங்கள். ஒரு ராணி, கணவன்மார் ஐந்து பேரும் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் சபையில், பகைவர் நடுவே நின்று சாமியைக் கூப்பிட்ட நேரம் அது. அன்றைக்குக் கூத்து பாதியில் பூஜையாக மாறும்.

இந்தப் பகுதியில் திரௌபதி அம்மன் கோயில் என்றும் தர்மராஜா கோயில் என்றும் இரண்டு பெயரும் வழங்குகின்றன. ஓசூர்ப் பக்கம் போகப் போகத் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் காதில் விழும். அங்கே கரகமும் சேர்ந்துகொள்ளும். அறுவடை முடிந்து வெயில் ஏறும் மாதங்களில் தொடங்கி ஆடி வரை ஊருக்கு ஊர் நடக்கிறது. சில ஊர்களில் வருஷா வருஷம், சில ஊர்களில் விட்டுவிட்டு. பதினெட்டு நாள் நடத்துவோரும் உண்டு, வசதிக்கேற்பக் குறைத்துக்கொள்வோரும் உண்டு. அதனால் போன வருஷத் தேதியை நம்பிக் கிளம்பாதீர்கள். பேருந்து நிலையத்திலும் டீக்கடையிலும் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் பாருங்கள். ஒவ்வொரு நாளும் பகலில் என்ன பிரசங்கம், இரவில் என்ன நாடகம் என்று அதில் வரிசையாகப் போட்டிருக்கும். 'பகடை துகில்', 'துகிலுரிதல்', 'திரௌபதி வஸ்திராபரணம்' எல்லாம் ஒன்றுதான். பழைய தர்மபுரி மாவட்டம் 2004-ல் தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று இரண்டானது. கூத்துக் குழுக்களுக்கு அந்த எல்லை இல்லை.

கூத்து இரவு பத்து மணிவாக்கில் தொடங்கி விடியும்வரை போகும். கிராமத்து டவுன் பஸ் அதற்கு முன்பே நின்றுவிடும், திரும்புவது காலை முதல் பஸ்ஸில்தான். உட்காரப் பாய், போர்த்திக்கொள்ள ஒரு துப்பட்டி, தண்ணீர் இவை போதும். முடிந்தால் மதியமே போய்ப் பாரதப் பிரசங்கத்தைக் கேட்டுவிடுங்கள். பிரசங்கியார், வில்லிபுத்தூரார் தமிழில் பாடிய பாரதமான வில்லிபாரதத்தின் சூதுபோர்ச் சருக்கத்தைப் பாட்டும் பொருளுமாக விரித்துச் சொல்லியிருப்பார். ராத்திரி நாடகத்தில் ராகத்தில் கரைந்துபோகும் வரிகள் அப்போதுதான் பிடிபடும். பிரசங்கத்தை விட்டுவிட்டு நேரே கூத்துக்கு வருகிறவர்கள் நள்ளிரவில் தூங்கிப்போவதற்குக் கதை தெரியாததே பாதிக் காரணம்.

முதல் பாதி முழுக்க அரசியல். ராஜசூய யாகத்தில் பாண்டவர் செல்வத்தைக் கண்டு துரியோதனன் பொருமுவது, சகுனி யோசனை சொல்வது, மண்டபம் கட்டி விருந்துக்கு அழைப்பது, விதுரன் மனமில்லாமல் தூது போவது. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் நடுவில் புகுந்து உள்ளூர்த் தேர்தல் வரை கிண்டலடிப்பான், சிரித்துக்கொள்ளலாம். பகடை உருளத் தொடங்கியதும் சிரிப்பு தேயும். நாடு, படை, தம்பிமார், தான், கடைசியில் மனைவி என்று தருமர் வரிசையாக வைத்துத் தோற்கிறார்.

இங்கே கவனிக்க வேண்டியது திரௌபதியின் கேள்வி. 'தன்னையே தோற்றவருக்கு என்னைப் பணயம் வைக்க ஏது உரிமை?' அழுகை பிறகுதான் வருகிறது, வழக்கு முதலில் வருகிறது. பீஷ்மரும் துரோணரும் இருந்த சபை அது. தர்மம் நுட்பமானது என்று நழுவுகிறார் பீஷ்மர். கௌரவர் நூறு பேரில் விகர்ணன் ஒருவன்தான் எழுந்து நியாயம் பேசுகிறான், அவனையும் கர்ணன் அடக்கிவிடுகிறான். மனிதர்களிடம் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுத் தீர்த்த பிறகே அவள் கண்ணனிடம் திரும்புகிறாள். பல நாடகங்களில் இந்த வாதத்தைச் சுருக்கி நேரே புலம்பலுக்குப் போய்விடுகிறார்கள். கூத்தைச் சொல்லிக்கொடுத்து நடத்த நல்ல வாத்தியார் இருக்கும் குழு அப்படிச் செய்யாது.

பிரார்த்தனை மிகச் சின்னது. வில்லிபுத்தூரார் அதை ஒரே பாட்டில் முடிக்கிறார்: கண்ணீர் ஆறாக வழிகிறது, கூந்தல் அவிழ்கிறது, துகிலைப் பற்றியிருந்த கை தளர்கிறது, 'கோவிந்தா, கோவிந்தா' தவிர வேறு சொல் வாயில் வரவில்லை. பிரசங்கியார்கள் நின்று விளக்குவது அந்தக் கை தளரும் இடத்தைத்தான். ஒரு கையால் சேலையைப் பிடித்தபடி கூப்பிட்டவரை அவளிடம் தன் பலம் கொஞ்சம் மிச்சமிருந்தது, இரண்டு கையும் மேலே போனபோதுதான் சேலை வளர்ந்தது என்பார்கள். ஆகவே திரௌபதி வேஷக்காரரின் கையைப் பாருங்கள். அனுபவசாலி உடனே இரண்டு கையையும் தூக்கிவிட மாட்டார். இடுப்பு மடிப்பைப் பிடித்த விரல்கள் ஒவ்வொன்றாக விடும். ஆர்மோனியமும் மிருதங்கமும் அடங்கித் தாளம் மட்டும் கேட்கும்.

அந்த நேரத்தில் திரௌபதி வேஷக்காரருக்குக் கற்பூரம் காட்டுவார்கள். வேஷம் போட்டிருப்பவர் பெரும்பாலும் ஆண். அன்றைக்கு அது ஒரு பொருட்டே இல்லை, பெண்கள் எழுந்து நின்று கும்பிடுவார்கள். துச்சாதனன் வேஷக்காரர் சேலையைத் தொடுமுன் ஆட்டத்தை நிறுத்தி, 'தாயே, வேஷத்துக்காகத்தான் தொடுகிறேன், பொறுத்துக்கொள்' என்ற பொருளில் அம்மனிடம் மன்னிப்புக் கேட்பதும் உண்டு. கூட்டத்தில் யாருக்காவது அருள் வரலாம். சுற்றிலும் இடம் விட்டு நகர்ந்துகொள்ளுங்கள், பூசாரி பார்த்துக்கொள்வார். செல்போன் வெளிச்சத்தை முகத்தில் அடிக்காதீர்கள். ஊர்க்காரர்கள் கோபப்படுவதில் நியாயம் உண்டு.

அம்மனுக்குச் சேலை தருவதாக வேண்டுதல் இருந்தால் பொழுது சாய்வதற்குள் கோயிலில் சேர்த்துவிட வேண்டும். துகில் காட்சியில் உருவுவதற்கு அந்தச் சேலைகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போடுவார்கள். புதுச் சேலை ஒன்று, மஞ்சள், குங்குமம், பூ, வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய், கற்பூரம் வைத்துத் தட்டாகக் கொடுப்பது வழக்கம். நூல் சேலையானால் ஒரு தடவை அலசி உலர்த்திக் கொடுக்கலாமா என்று பூசாரியிடம் கேளுங்கள். கஞ்சி மொடமொடப்போடு இருந்தால் அந்த முடிச்சு இறுகாது. வழவழப்பான சிந்தெட்டிக்கில் முடிச்சு தானாக உருவிக்கொள்ளும். உருவும்போது அறுந்தாலோ சிக்கினாலோ காட்சி கெடும், சகுனம் பார்க்கிற ஊரில் பேச்சும் கிளம்பும். பல சேலைகளை முடிச்சுப் போடாமல் முந்தானையை மட்டும் பிடித்துச் சுற்றிவரும் குழுக்களும் உண்டு. அங்கே உங்கள் சேலை அம்மன் காலடியில் இருக்கும். பலன் ஒன்றுதான்.

வியாசர் சொல்லும் முடிவு பலருக்கு நினைவில் இருப்பதில்லை. திருதராட்டிரன் வரம் கேள் என்கிறான். முதல் வரத்தில் தருமரை மீட்கிறாள், இரண்டாவதில் மற்ற நால்வரைத் தேரோடும் ஆயுதத்தோடும் மீட்கிறாள். மூன்றாவதை வேண்டாம் என்று மறுக்கிறாள். கூத்தில் இதற்குப் பதில் சபதம்தான் ஓங்கி நிற்கும்: துரியோதனன் தொடை ரத்தம் பூசும்வரை கூந்தல் முடியேன்.

அந்தச் சபதத்தின் கணக்குத் தீர்வதுதான் கடைசிநாள் படுகளம். முந்தின நாளே ஏரி மண்ணைக் குழைத்து மல்லாந்த துரியோதனனைச் செய்துவிடுவார்கள். வெயிலில் வேகமாகக் காய்ந்தால் மார்பு வெடிக்கும் என்பதால் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். தொடையில் புதைத்த பானையில் இருப்பது மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த செந்நீர். பீமன் கதாயுதத்தால் அடித்து உடைத்ததும் அம்மன் அதைத் தொட்டுக் கூந்தல் முடிவாள். அன்று மாலை தீமிதி. காப்புக் கட்டி விரதம் இருந்தவர்களுக்கு மட்டுமே அது. ஓடினால் பாதம் கங்குக்குள் அழுந்தும், நிற்கவும் கூடாது, சீராக நடக்க வேண்டும். துகில் இரவைப் பார்த்த உற்சாகத்தில் விரதமில்லாமல் வரிசையில் புகாதீர்கள்.

படுகளம் கலைந்ததும் அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து நெல் சேமிக்கும் குதிரில் போடுவதும் வயலில் தூவுவதும் வழக்கம். வெளியூர்க்காரர் கேட்டாலும் தருவார்கள். கைக்குட்டையில் முடிந்துகொண்டால் ஈரம் கசியும், கவர் ஒன்று எடுத்துப் போங்கள்.