சிரிப்புக்குள் ஒளித்த சாவி

கொலைப் படத்தில் நகைச்சுவை எதற்கு? இறுக்கம் தளர என்பார்கள். நல்ல படத்தில் அதன் முதல் வேலை துப்பை மறைப்பது. தியேட்டரே சிரிக்கிற அந்த இரண்டு நொடியில் யாரும் துப்புத் தேடுவதில்லை.

காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முகப்பில் உட்கார்ந்தால் வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாங்கட்டு தாண்டிப் பின்வாசல் வரை நேர்கோட்டில் தெரியும். கொலையாளி ஓடிப் போக வழியில்லை. வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு ஜோடிக்கும், ஓர் அறை, தனிப் பூட்டு. முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்குப் பங்காளிகள் எல்லாரும் கூடிவிடுவார்கள். சந்தேகப்பட ஆள் சேர்க்கக் கதாசிரியர் தனியாக மெனக்கெடவே வேண்டாம்.

பன்னிரண்டு அறைகளின் மாற்றுச் சாவியும் அப்பத்தாவிடம். எண்ணிப் பார்த்தால் பதினொன்றுதான் இருக்கிறது. வீடே அமர்க்களம். பேரன் சொல்கிறான்: "அப்பத்தா, இடுப்புல ஒண்ணு செருகியிருக்கியளே, அதையும் சேத்து எண்ணுங்க!" எல்லாரும் சிரிக்க, கணக்கு முடிந்துவிடுகிறது. ஆனால் இடுப்பில் இருப்பது இரும்புப் பெட்டிச் சாவி. அதன் நீளத்தைக் கேமரா ஒரு நொடி காட்ட வேண்டும். மூன்று நொடி காட்டினால் பார்ப்பவர் பிடித்துவிடுவார். காட்டவே இல்லையென்றால், கடைசியில் ஏமாற்றிவிட்டார்கள் என்பார். பிறகு யாரோ பேசிக்கொண்டிருக்க, பின்னால் அப்பத்தா அதே சாவியால் பெட்டியைத் திறக்கிறார். இவ்வளவு போதும். சிரிக்க வைத்த பேரன் மேல் யாருக்கும் சந்தேகம் வராது.

இந்த வகைப் படம் பார்க்க வருகிறவருக்கு விதிகள் அத்துப்படி. அமைதியாக இருப்பவன்தான் செய்திருப்பான் என்று ஒரு பாத்திரமே வாய்விட்டுச் சொல்லலாம். சொன்னபின் அது யாரையாவது தவறான பக்கம் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் வெறும் கிண்டல். 1985இல் வந்த ஹாலிவுட் படம் 'க்ளூ' மூன்று முடிவுகளோடு வெளியானது, ஒரு தியேட்டருக்கு ஒன்று. 2019இன் 'நைவ்ஸ் அவுட்' பெரியவர் எப்படி இறந்தார் என்பதைப் பாதிக்கு முன்பே காட்டுவதுபோல் காட்டி, "யார்?" என்ற கேள்வியை "அவரைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் தப்புவாளா?" என்று மாற்றிவிடுகிறது. விதியைத் தெரிந்தவரையே விதியால் மடக்கும் இந்த வித்தைக்காகத்தான் இவற்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கத் தோன்றுகிறது.

பெரும்பாலும் சறுக்குவது சாவு வீட்டில். செத்தவருக்காக ஒருவராவது உண்மையாக அழ வேண்டும். அந்த அழுகையில் ஜோக் வைத்தால், கொலையாளி யாராக இருந்தால் என்ன என்று ஆகிவிடும்.

முடிவில் துப்பறிபவர் பத்து நிமிஷம் விளக்கத் தேவையில்லை. அதே வளவில், அப்பத்தா கையில் சாவிக்கொத்தைக் கொடுத்து, மறுபடி எண்ணச் சொன்னால் போதும்.