தாடி ஓணானின் தோலில் மஞ்சள் திட்டு: உரியும் தோலா, பூஞ்சையா?

வீட்டில் வளர்க்கும் தாடி ஓணானின் (பியர்டட் டிராகன்) தோலில் ஒரு திட்டைப் பார்த்தால் களிம்பைத் தேடாதீர்கள். முதலில் டார்ச்சை எடுத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். உரியப்போகும் தோல் என்றால் அந்தப் பகுதி முழுக்கச் சீராக வெளுத்து, சாம்பல் பூத்த மாதிரி மங்கியிருக்கும். செதில்களின் வரிசை கலையாது. ஓரம் மட்டும் காகிதம் போலத் தூக்கிக்கொண்டு நிற்கும். பூஞ்சை என்றால் இரண்டு மூன்று செதில்கள் மட்டும் தடித்து, மஞ்சளோ பழுப்போ ஏறி, மேலே பொருக்குக் கட்டத் தொடங்கும். பொருக்கு விழுந்த இடத்தில் ஈரமான புண் தெரியும். இன்னொரு நம்பகமான அடையாளம் உண்டு: தோல் ஒரு முறை உரிந்த பிறகும் அதே இடத்தில் அதே நிறம் இருந்தால், அல்லது திட்டு பெரிதாகியிருந்தால், அதைச் சாதாரணத் தோலுரிப்பு என்று விட்டுவிடக் கூடாது. பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து இரண்டு நாளைக்கு ஒரு முறை படம் எடுத்து வையுங்கள். கண் ஏமாற்றும், படம் ஏமாற்றாது.

இது நம் வேலியோரத்து ஓணானின் குடும்பம்தான். ஆனால் பிறந்த இடம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நிலம். பாம்பு மாதிரி சட்டையை ஒரே வீச்சில் கழற்றாது. தலை, முதுகு, கால், வால் என்று துண்டு துண்டாக உரிக்கும். குட்டிகள் சில வாரங்களுக்கு ஒரு முறை, வளர்ந்தவை ஆண்டுக்குச் சில முறை. இதில் தவறு நடப்பது பெரும்பாலும் விரல்களிலும் வால் நுனியிலும்தான். பழைய தோல் உரியாமல் விரலைச் சுற்றி ஒரு வளையமாக நின்றுவிடும். காய்ந்து சுருங்க, நூல் கட்டிய மாதிரி இறுக்கும். வளையத்தைத் தாண்டிய நுனிப்பக்கம் முதலில் வீங்கும், பிறகு ரத்தம் போகாமல் கறுக்கும், கடைசியில் காய்ந்து உடைந்து விழும். வீக்கத்திலேயே பிடித்துவிட்டால் விரல் தப்பும். கறுத்துவிட்டால் வீட்டு வைத்தியம் வேண்டாம்.

வளையத்தைக் கழற்ற, 30 முதல் 32 டிகிரி சூட்டில் தண்ணீர் எடுத்து, முழங்கை மூட்டு நனையும் அளவுக்கு மட்டும் ஊற்றி, 15 நிமிடம் நிற்க விடுங்கள். பக்கத்திலேயே இருங்கள். தண்ணீரில் மலம் கழித்தால் உடனே மாற்றுங்கள். புண் இருக்கும் விலங்குக்கு அது நேரடித் தொற்று. பிறகு மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷால் செதில் படிந்திருக்கும் திசையிலேயே தேய்க்க வேண்டும். வரவில்லையா, விட்டுவிட்டு மறுநாள் பாருங்கள். நகத்தால் பிடித்து இழுத்தால் அடியில் இன்னும் முதிராத தோலும் சேர்ந்து வரும். அந்தக் கீறல்தான் பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் வாசல். நான்கைந்து நாளில் அசையாவிட்டால் மருத்துவரிடம் போங்கள். குளிப்பாட்டி முடித்ததும் துண்டால் ஒற்றி, தொட்டியில் சூடு தரும் பல்பின் கீழ் விட்டு உலர்த்துவது கட்டாயம்.

தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எண்ணெய் ஈரத்தையும் அழுக்கையும் செதிலிடுக்கில் பூட்டிவிடும். மஞ்சள் பூசினால் மருத்துவர் பார்க்க வேண்டிய அந்த மஞ்சள் நிறமே தெரியாமல் போகும்.

தோல் கெடுவதற்கான காரணம் பெரும்பாலும் தொட்டிக்குள்தான் இருக்கிறது. ஈரப்பதம் 30 முதல் 40 சதவீதம் இருந்தால் நல்லது. சென்னை மாதிரி கடலோர ஊரில் வெளிக்காற்றிலேயே 70 சதவீதம் சாதாரணம், அதனால் மேலே மட்டும் திறந்த கண்ணாடித் தொட்டியைவிட, பக்கங்களிலும் காற்றோட்டம் உள்ள கூண்டு நல்லது. ஈரப்பதமானியைக் குளிர்ந்த மூலையில் வையுங்கள். காற்று சூடாகும்போது ஈரப்பத சதவீதம் தானாகவே இறங்கிவிடும் என்பதால், பல்பின் கீழ் வைத்தால் எல்லாம் சரியாக இருப்பதாகவே காட்டும். தரைக்குத் தேங்காய் நார்த்தூள் வேண்டாம், அது ஈரத்தை இழுத்து வைக்கும். புண் இருக்கும் நாட்களில் வெறும் டிஷ்யூ பேப்பர் போட்டு தினமும் மாற்றுங்கள். உரச ஒரு சொரசொரப்பான கல்லும் கிளையும் வேண்டும்.

வெயில் காயும் இடத்தின் மேற்பரப்பு 38 முதல் 42 டிகிரி. இதைக் காற்றின் வெப்பமானியால் அளக்க முடியாது, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வாங்குங்கள். யூவிபி (வெயிலில் உள்ள ஒருவகைப் புற ஊதாக் கதிர்) தரும் குழல் விளக்கை ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். எரிந்துகொண்டிருந்தாலும் யூவிபி குறைந்துபோயிருக்கும். கண்ணாடி வழியாக யூவிபி வராது, ஆகவே ஜன்னலோரம் வைத்தால் சூடு மட்டும்தான் மிஞ்சும்.

வயிற்றில் பழுப்பாகவோ கறுப்பாகவோ திட்டு இருந்தால் சூடு பட்ட காயமா என்று பாருங்கள். மின்சாரத்தில் சூடாகும் ‘ஹீட் ராக்’ கல்லும், ஏறித் தொடக்கூடிய உயரத்தில் இருக்கும் பல்புமே வழக்கமான காரணம். சுடும் பரப்பிலிருந்து இவை சட்டென்று விலகுவதில்லை. அப்போதுதான் பட்ட காயம் என்றால் ஐஸ் இல்லாத குளிர்ந்த நீரில் 10 நிமிடம் வைத்துவிட்டு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். சிறு கீறலுக்கு 10 சதவீத பெட்டாடின் ஒரு பங்கு, கொதித்து ஆறிய நீர் பத்துப் பங்கு. பால் ஊற்றாத லேசான டீ நிறத்தில் இருக்க வேண்டும். பஞ்சில் தொட்டு ஒற்றினால் போதும். வலிபோக்கும் மருந்து கலந்த மனிதக் களிம்புகளைத் தொடாதீர்கள். சாப்பிடாமல் மிஞ்சிய சிள்வண்டுகளை இரவில் உள்ளே விடாதீர்கள், அவை புண்ணைக் கடிக்கும்.

இனி பூஞ்சை. ‘மஞ்சள் பூஞ்சை நோய்’ என்று வளர்ப்பவர்கள் சொல்வதற்குக் காரணம் நானிசியாப்சிஸ் குவாரோய் என்ற பூஞ்சை. பழைய கட்டுரைகளில் ‘சிஏஎன்வி’ என்ற பழைய பெயரின் சுருக்கம் இருக்கும்; 2013-இல் வகைப்பாடு மாறியது. இது தோலும் செதிலும் உருவாகியிருக்கும் கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று, செதிலோடு நிற்காமல் தசைக்கும் எலும்புக்கும் இறங்கும். அதனால்தான் மேலே மட்டும் பூசும் மருந்து எட்டுவதில்லை. பொருக்கைச் சுரண்டிப் பார்த்து உறுதி செய்வதும் கடினம். தோலில் சிறு துண்டு வெட்டியெடுத்துத் திசுப் பரிசோதனையும், பூஞ்சையின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள். வாய்வழி மருந்து மாதக்கணக்கில் போகும். 2010-இல் வெளியான ஓர் ஆய்வில் இரண்டு பூஞ்சை மருந்துகளை ஒப்பிட்டார்கள்: இட்ராகொனசோல் கொடுத்த தாடி ஓணான்களில் பெரும்பாலானவை இறந்தன, வோரிகொனசோல் கொடுத்தவை பெரும்பாலும் பிழைத்தன. எந்த மருந்து, ஏன் என்று மருத்துவரிடம் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய மருத்துவராக இருப்பது இங்கே மிக முக்கியம்.

இது ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றும். சந்தேகம் வந்த அன்றே தனி அறை, தனி இடுக்கி, தனிக் கிண்ணம். கவனிக்கும்போது நோயுற்றதைக் கடைசியாகக் கவனியுங்கள். புதிதாக வாங்குவதை 90 நாள் தனியே வைப்பதும் இதற்காகத்தான். மரக்கட்டை, கிளை எல்லாவற்றையும் எறிந்துவிடுங்கள், துளைகளுக்குள் இருப்பதைக் கழுவ முடியாது. மற்றவற்றை பிளீச்சிங் கரைசலில் (திரவ பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு) 10 நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசி, வாசனை போகும்வரை வெயிலில் காயப்போடுங்கள். வாரம் ஒரு முறை சமையலறைத் தராசில் எடை பாருங்கள். 400 கிராம் இருந்தது 360-க்கு வந்துவிட்டால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் போன் செய்யுங்கள். பொருக்கு விழுந்து புதுச் செதில் வந்த பிறகும் மருந்தை நிறுத்துவது மருத்துவரின் முடிவு. அதுவரை டிஷ்யூ பேப்பர்தான் தரை.