தொடக் கூடாத தீர்த்தம்: பான்ஃப் வெந்நீரூற்றுக்குப் போகும் நம்மவர்களுக்கு

"தண்ணீரைத் தொடாதீர்கள்." ரொறன்ரோவிலிருந்து விமானம் ஏறி, கல்கரியில் கார் வாடகைக்கு எடுத்து, மலைகளுக்குள் 130 கிலோமீற்றர் அளவு ஓடிப் போகும் நம்மவர்களைக் கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் முதலில் வரவேற்பது இந்தப் பலகைதான். 'கேவ் அண்ட் பேசின்' குகைக்குள் நுழைந்தால் மேலே பாறையில் ஒரு துளை, அதனூடாக விழும் வெளிச்சம், கீழே நீலப்பச்சையாக வெந்நீர். கையெட்டும் தூரம். கோயில் கேணியில் கால் நனைக்காமல் திரும்பியறியாத அம்மம்மாமார் குனிந்து, விரல் நுனியை நனைத்துத் தலையில் தெளிக்கப் போவார்கள். அதற்கும் அனுமதியில்லை. மீறினால் தண்டம் ஆயிரக்கணக்கான டொலர் வரை போகலாம்.

மனதைக் குத்துகிற விடயம்தான். தீர்த்தம் என்றால் அது உடம்பில் பட வேண்டும். கீரிமலைக்குப் போய்க் கேணியை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன் என்று ஊரில் யாராவது சொன்னால் அந்த ஆளுக்கு ஏதோ சுகமில்லை என்றுதான் நினைப்பார்கள். இங்கே மரப்பலகை நடைபாதையில் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கந்தக வாசனையை மூச்சில் இழுத்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கிறது.

காரணம் ஒரு நத்தை. இந்தக் குகை இருக்கும் சல்பர் மலையின் சில வெந்நீரூற்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பான்ஃப் ஊற்று நத்தை. ஃபைசெல்லா ஜோன்சோனி என்பது அதன் விலங்கியற் பெயர். வளர்ந்தது ஒரு சோளமணி அளவு இருக்கும். ஓடு இடப்பக்கமாகச் சுழலும். இந்த நீரில் ஒட்சிசன் குறைவு, ஐதரசன் சல்பைட்டு அதிகம். அதனால் நத்தை நீர்மட்டத்தை ஒட்டியே வாழ்கிறது. பாசியும் பக்டீரியாவும் சேர்ந்து படரும் மெல்லிய படலத்தை மேய்ந்து, அங்கேயே முட்டையும் இடுகிறது. ஒரு கை உள்ளே போனால் அந்தப் படலம் கிழிந்துவிடும். கையில் பூசிய சன்ஸ்கிரீன், நுளம்பு மருந்து, தேங்காயெண்ணெய் எல்லாம் நீரின் மேற்பரப்பில், நத்தை இருக்கும் இடத்திலேயே மிதக்கும். ஒருவர் தொட்டால் ஒன்றும் ஆகாது என்ற கணக்கு, வருடம் முழுக்க வரிசையில் வரும் சனத்துக்குப் பொருந்தாது. எனவே அம்மம்மாவுக்கு முதலில் நத்தையைக் காட்டுங்கள். நீர் விளிம்பில் கறுப்புப் புள்ளிபோல இருக்கும். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால்தான் அசைவது தெரியும். ஒரு சீவன் குடியிருக்கிற இடம் என்று தெரிந்தபிறகு நம் பெரியவர்கள் கை வைக்க மாட்டார்கள்.

குகையைவிட்டு அவசரமாக வெளியே வரவேண்டாம். 1883இல் மூன்று ரயில்பாதைத் தொழிலாளர்கள் இந்தத் துளை வழியாக இறங்கினார்கள். யாருக்கு இது சொந்தம் என்ற இழுபறி முற்றி, 1885இல் அரசு ஊற்றுகளைச் சுற்றி 26 சதுர கிலோமீற்றரை ஒதுக்கியது. கனடாவின் தேசியப் பூங்காக்கள் எல்லாம் அந்த ஒதுக்கத்திலிருந்து வளர்ந்தவை. ஆனால் இந்த மண்ணின் பூர்வகுடிகளான ஸ்டோனி நகோடா மக்களுக்கு இந்த நீர் அதற்கு வெகுகாலம் முன்பே தெரியும். நோய் தீர்க்கவும் வழிபடவும் வந்தவர்களைப் பூங்கா உருவானபின் பல ஆண்டுகள் வெளியே நிறுத்தி வைத்தார்கள். முதலாம் உலகப்போர்க் காலத்தில் இங்கேயே ஒரு தடுப்பு முகாமும் இருந்தது. உக்ரேனியக் குடியேறிகள் உட்படப் பலரை அடைத்து வைத்து வேலை வாங்கினார்கள். அதற்கான காட்சிக்கூடம் வெளியே தனியாக இருக்கிறது. முகாம் என்ற சொல்லைக் கேட்டால் நெஞ்சு இறுகுகிறவர்கள் நாங்கள். அதைப் பார்க்காமல் போகக் கூடாது.

குளிப்பதற்கு மலையில் இன்னும் மேலே, 1,585 மீற்றர் உயரத்திலுள்ள 'அப்பர் ஹொட் ஸ்பிரிங்ஸ்' குளத்துக்குப் போக வேண்டும். தேசியப் பூங்காச் சீட்டு, குகைச் சீட்டு, குளத்துச் சீட்டு மூன்றும் வேறு வேறு. கார் தரிப்பிடம் சீக்கிரம் நிரம்பிவிடும். நகரத்திலிருந்து 'ரோம்' (Roam) என்ற உள்ளூர் பஸ், 1ஆம் இலக்கம், குளத்தடிக்கே போகிறது. காலையில் திறந்தவுடன், அல்லது இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு போனால் நெரிசல் குறைவு.

எரிமலை எதுவும் இங்கே இல்லை. மழையும் பனியும் பாறை வெடிப்புகளால் சில கிலோமீற்றர் ஆழம் இறங்கி, பூமியின் சூட்டில் காய்ந்து, கல்சியமும் சல்பேற்றும் கரைத்துக்கொண்டு, ஒரு பிளவு வழியாக மேலேறுகின்றன. அழுகிய முட்டை மணம் ஐதரசன் சல்பைட்டினுடையது. குளத்தில் சூடு 37 முதல் 40 பாகை வரை. குளிர்காலக் கடைசியிலிருந்து பனி உருகும்வரை ஊற்றின் வரத்துக் குறையும். அப்போது சாதாரண நீரைச் சூடாக்கிக் குளத்தை நிரப்புவதுண்டு. அசல் ஊற்று நீருக்காகவே போகிறவர்கள் கோடையில் போங்கள், அல்லது புறப்படுமுன் விசாரியுங்கள்.

இனி நம்மவர்களுக்கே உரிய சில விடயங்கள். வெந்நீர்க் குளிப்பு என்றதும் நல்லெண்ணெய் வைத்து ஊறவேண்டும் என்று கை பரபரக்கும். வேண்டாம். எண்ணெய் மேலே படர்ந்து, வடிகட்டியை அடைத்து, கிருமிநாசினியின் வேலையைக் கெடுக்கும். முதல்நாளே தலை முழுகி, அங்கே இறங்குமுன்னும் சவர்க்காரம் போட்டுக் குளித்துவிட்டுத்தான் போக வேண்டும். நீண்ட தலைமுடியை உயர்த்திக் கட்டுங்கள். பருத்திச் சட்டை, சோட்டி, பாவாடை எதுவும் ஆகாது. நூல் உதிரும், சலவைத்தூள் கரையும். உடம்பு தெரியக் கூடாது என்று கூசும் அம்மாமாருக்கு முழுக்கை, முழுக்கால் நீச்சலுடை கடைகளில் கிடைக்கிறது. நைலோன் அல்லது பொலியெஸ்ரர் துணியாகப் பார்த்து வாங்குங்கள். மறந்துவிட்டால் நீச்சலுடையும் துவாயும் அங்கேயே வாடகைக்கு உண்டு.

வெள்ளி மெட்டி, கொலுசு, அரைஞாண் எல்லாவற்றையும் அறையில் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும். கறுத்துவிட்டால் பயமில்லை: ஒரு கிண்ணத்தின் உட்புறம் அலுமினியத் தாளை விரித்து, நகை அந்தத் தாளில் படும்படி வைத்து, ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா தூவி, கொதிநீர் ஊற்றிச் சில நிமிடம் விடுங்கள். கறுப்புக் கழன்றுவிடும். கல் பதித்த நகைக்கு இதைச் செய்யாதீர்கள். கையில் கட்டிய கோயில் கயிறு புதிதென்றால் மஞ்சள் கரையும்.

ஒரு தடவைக்குப் பத்து, பதினைந்து நிமிடம் போதும். வெந்நீரில் இரத்தக்குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கும். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். விளிம்பில் இருந்து, தண்ணீர் குடித்து, பிறகு மீண்டும் இறங்கலாம். நம் வீடுகளில் சலரோகம் இல்லாத வீடு குறைவு என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டும்: இன்சுலின் போட்டவுடன் வெந்நீரில் இறங்கினால் மருந்து வேகமாக உறிஞ்சப்பட்டுச் சீனி இறங்கிவிடலாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடு தெரியாது. இதய நோய், பிரஷர் மருந்து, கர்ப்பம் என்றால் வைத்தியரைக் கேட்காமல் இறங்காதீர்கள். கட்டிக்கொண்டு போன இடியப்பமும் சம்பலும் பூட்டிய காருக்குள் இருக்கட்டும். வெளியே வைத்தால் மணத்துக்குக் கரடி வரும்.

பல வருடம் இங்கே இருந்தவர்கள் குளிரெல்லாம் பழகிவிட்டது என்பார்கள். மைனஸ் 20இல் தோள்வரை வெந்நீரில் அமர்ந்து, மயிர்நுனி வெள்ளையாக உறைய, எதிரே ரண்டில் மலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதை நம்பலாம்போலத்தான் இருக்கும். ஆனால் சற்று நேரத்தில் பேச்சு கன்னியாவுக்குப் போய்விடும். திருகோணமலைக்குப் பக்கத்தில் ஏழு சதுரக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. தாய்க்குக் கருமம் செய்ய இராவணன் உண்டாக்கியவை என்ற கதை. வாளியால் அள்ளி அள்ளித் தலையில் ஊற்றி, அடுத்த கிணற்றுக்கு ஓடி, எது கூடச் சூடு என்று சண்டை போட்டு, ஈர உடுப்போடு வெயிலில் நின்று காய்வது. இங்கே ஈரத் தலையோடு நிற்க முடியாது. துவாய் இரண்டு, கம்பளித் தொப்பி, வழுக்காத செருப்பு இவை இல்லாமல் குளிர்காலத்தில் போகாதீர்கள்.

மணம் ஒத்துக்கொள்ளாதவர்கள் குட்னி தேசியப் பூங்காவிலுள்ள ரேடியம் ஊற்றுக்குப் போகலாம். பான்ஃபிலிருந்து ஒன்றரை மணி நேர ஓட்டம். அந்த நீரில் கந்தக வாடை இல்லை, பிள்ளைகளுக்குச் சூடு குறைந்த குளமும் உண்டு. ஜாஸ்பர் தேசியப் பூங்காவிலுள்ள மியெற் ஊற்று 54 பாகையில் பொங்குகிறது. குளத்தில் 40க்கு ஆற்றித்தான் விடுகிறார்கள். குளிர்காலத்தில் அது மூடியிருக்கும்.

சுவாமி அறைக்குப் போத்தலில் கொஞ்சம் எடுத்துப் போகலாமா என்று பெரியவர்கள் கடைசியில் கேட்பார்கள். குகை நீரை எடுக்க முடியாது. தேசியப் பூங்காவில் இயற்கையாக உள்ள எதையும் எடுத்துச் செல்வது குற்றம். பான்ஃப் நகரத்துக் குழாய்த் தண்ணீரை நிரப்பிக் கொடுங்கள். அதுவும் இந்த மலைகளில் பெய்த பனியும் மழையும்தான். ஆனால் விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் போத்தலை வாங்கிவிடுவார்கள், கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டிக்குள் வைத்து அனுப்புங்கள்.