படத்தை விடுங்கள், முத்திரையைக் காட்டுங்கள்

மேக்சிமம் கார்டு சேர்க்க ஆரம்பித்த பிறகு எந்த அட்டையைக் கையில் வாங்கினாலும் என் கண் முதலில் போவது தபால் முத்திரைக்குத்தான். விற்க வருகிறவர் "படம் எவ்வளவு பளிச்சுன்னு இருக்கு பாருங்க சார்" என்று நீட்டுவார். படம் பளிச்சென்று இருந்து என்ன பயன், முத்திரை சம்பந்தமே இல்லாத ஊரில் விழுந்திருந்தால்?

இது என்ன அட்டை என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு படத் தபால் அட்டை, அந்தப் படத்துக்குப் பொருத்தமான ஒரு ஸ்டாம்ப். ஸ்டாம்பை முகவரி எழுதும் பக்கம் ஒட்டாமல் படத்தின் மேலேயே ஒட்டி, பாதி ஸ்டாம்பிலும் பாதி அட்டையிலும் படுகிற மாதிரி தபால் முத்திரை வாங்க வேண்டும். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பதுபோல இதற்கு மூன்று: பொருள், இடம், காலம்.

பொருள் பொருத்தம் பெரிய விஷயமில்லை, கோயில் ஸ்டாம்புக்கு அதே கோயிலின் படம் கிடைத்தால் போதும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். ஸ்டாம்பில் இருக்கிற அதே படத்தைப் பெரிதாக்கி அட்டையாக அச்சடித்து விற்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும், ஸ்டாம்ப் கண்காட்சியில் வைத்தால் நடுவர்கள் மதிக்க மாட்டார்கள். ஸ்டாம்ப் வருவதற்கு முன்பே கடையில் விற்றுக்கொண்டிருந்த அட்டை என்றால் ரொம்ப நல்லது.

ஆட்டம் சூடு பிடிப்பது இடத்தில்தான். 1949 ஆகஸ்ட் 15-இல் வந்த தொல்லியல் வரிசையில் 5 ரூபாய் ஸ்டாம்ப் தாஜ்மகால். அதற்கு ஆக்ரா முத்திரை, கேள்வியே இல்லை. மனிதர்கள் என்று வந்துவிட்டால் வாதம் ஆரம்பித்துவிடும். 1960 செப்டம்பர் 11-இல் வந்த பாரதியார் ஸ்டாம்புக்கு எந்த ஊர்? பிறந்த எட்டயபுரமா, பத்து வருஷம் இருந்த புதுச்சேரியா, கடைசி நாட்கள் கழிந்த திருவல்லிக்கேணியா? மூன்றையும் ஏற்றுக்கொள்ளலாம், ஆனால் அட்டையில் இருக்கிற படமும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும். எட்டயபுரம் வீட்டின் படத்தில் திருவல்லிக்கேணி முத்திரை விழுந்தால் எனக்கு என்னவோ ஒட்டவில்லை. கணித மேதை ராமானுஜனுக்கும் இதே கதை: பிறந்தது ஈரோடு, வளர்ந்தது கும்பகோணம், இறந்தது சென்னை. 1962 டிசம்பர் 22-இல், அவருடைய 75-ஆவது பிறந்தநாளில் வந்த ஸ்டாம்புக்குக் கும்பகோணம் முத்திரையோடு யாரிடமாவது அட்டை இருந்தால் சொல்லுங்கள், விலை பேசலாம்.

இடத்தையும் காலத்தையும் ஒன்றாகப் பிடிப்பதுதான் பாடு. முத்திரைத் தேதி ஸ்டாம்ப் வெளியான நாளுக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. வெளியீட்டு நாளில் ஸ்டாம்ப் கிடைப்பது சென்னை அண்ணா சாலையில் இருக்கிற, ஸ்டாம்ப் சேர்ப்பவர்களுக்கான தபால் துறைப் பிரிவான பிலாட்டலிக் பீரோ மாதிரி இடங்களில். சின்ன ஊர் போஸ்ட் ஆபீசுக்கு அது அன்றைக்கே போய்ச் சேராது, சில சமயம் போகவே போகாது. ஆக முதல் நாள் முத்திரை வேண்டும் என்றால் சென்னை, சரியான ஊர் வேண்டும் என்றால் ஸ்டாம்பை வாங்கிக்கொண்டு பஸ் பிடித்து அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ. நான் எப்போதும் ஊர் பக்கம்தான். தேதி நாலு நாள் தள்ளிப் போனாலும் ஊர் சரியாக இருக்கிற அட்டையில் ஒரு நியாயம் இருக்கிறது. அலங்காரமான முதல் நாள் முத்திரை ஆயிரக்கணக்கில் விழும், எல்லோரிடமும் இருக்கும், அதனால் விலையும் ஏறாது.

அபூர்வமாக இரண்டும் சேர்ந்து அமையும். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு 2010 செப்டம்பர் 26-இல் 5 ரூபாய் ஸ்டாம்பைத் தஞ்சாவூரிலேயே வெளியிட்டார்கள். அன்றைய தேதியில் தஞ்சாவூர் முத்திரை, கோயிலின் பழைய படம், மூன்றும் கச்சிதம். அப்படி ஒன்று கிடைத்தால் பேரம் பேசிக்கொண்டு நிற்காதீர்கள்.

அப்புறம் மை. பளபளப்பான அட்டையில் முத்திரை மை சீக்கிரம் காயாது, விரல் பட்டால் போச்சு, கவுண்டரில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் அடுத்த அட்டையின் முதுகில் உங்கள் ஊர்ப்பெயர் தலைகீழாகப் பதிந்திருக்கும். மங்கலான, வழவழப்பு இல்லாத அட்டைதான் நல்லது. ஸ்டாம்பை எங்கே ஒட்டுவது என்பதிலும் யோசனை வேண்டும். கோபுரத்தின் இருட்டான பகுதியில் ஒட்டினால் கறுப்பு மேல் கறுப்பு விழுந்து ஊரும் தெரியாது தேதியும் தெரியாது, வானம் இருக்கிற மூலையில் ஒட்டினால் வட்டம் முழுசாகப் படிக்கக் கிடைக்கும். ஒரு போஸ்ட் ஆபீசில் ஊழியர் மணியார்டருக்குக் குத்துகிற வேகத்திலேயே குத்தி, பாதி வட்டத்தை அட்டைக்கு வெளியே மேஜையில் விட்டார். அதன் பிறகு "அண்ணே, மெதுவா, இந்த இடத்துல" என்று பென்சிலால் லேசாகக் குறி போட்டுத்தான் நீட்டுகிறேன். பெரும்பாலானவர்கள் சிரித்துக்கொண்டே செய்து தருகிறார்கள்.

பழைய அட்டை வாங்கும்போது போலி முத்திரைக்கு ஜாக்கிரதை. விலை குறைந்த பழைய ஸ்டாம்ப், விலை குறைந்த பழைய அட்டை, புதிதாகச் செய்த ரப்பர் முத்திரை, மூன்றையும் சேர்த்து விலை உயர்ந்த அட்டை ஆக்கிவிடுகிறார்கள். எளிய சோதனைகள் சில இருக்கின்றன. பின்கோடு நம் நாட்டில் வந்ததே 1972 ஆகஸ்ட் 15-இல். 1960 தேதியிட்ட முத்திரையில் ஆறு இலக்க எண் இருந்தால் அட்டையைக் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டலாம். மெட்ராஸ் அதிகாரபூர்வமாக ஆங்கிலத்திலும் சென்னை ஆனது 1996-இல், அதற்கு முந்தைய தேதியில் ஆங்கில எழுத்தில் சென்னை என்று இருந்தாலும் சந்தேகப்படுங்கள். மை மட்டும் புத்தம் புதிதாக மினுங்கி, அட்டை பழுத்துப் போயிருந்தாலும் அப்படியே.

அமெரிக்காவில் சூவனிர் கார்டு என்று வேறொரு ஜாதி உண்டு. அங்கே டாலர் நோட்டோடு 2005 வரை ஸ்டாம்பும் அச்சடித்து வந்த அரசு அச்சகமே, பழைய ஸ்டாம்புகளின் செதுக்கு வேலையை அட்டையில் அச்சிட்டுக் கண்காட்சிகளுக்காக வெளியிட்டது. 1976-இல் பிலடெல்பியாவில் நடந்த இன்டர்பில் ஸ்டாம்ப் கண்காட்சிக்கும் ஒன்று வந்தது. அதில் அச்சாகியிருக்கிற ஸ்டாம்ப் தபாலுக்குச் செல்லாது, வெறும் படம்தான். முத்திரை வேண்டும் என்றால் நிஜ ஸ்டாம்ப் ஒன்றைத் தனியாக ஒட்டி, கண்காட்சித் தபால் நிலையத்தில் குத்தி வாங்க வேண்டும். அங்கே முத்திரை இல்லாத சுத்தமான அட்டையையே தேடுகிறவர்கள் நிறைய. எனக்கு அது புரியவே இல்லை, ஆனால் அவர்கள் ஆசை அவர்களுக்கு.

கடைசியாக ஒன்று, இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்கிறேன். நூறு வருஷத்துக்கு முந்தைய மெட்ராஸ் படத் தபால் அட்டைகள், ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடை போட்டது மாதிரியானவை, இன்றைக்கும் பழைய பொருள் கடைகளில் கிடைக்கின்றன. அதை வாங்கி வந்து போன மாதம் வந்த ஸ்டாம்பை மேலே ஒட்டி முத்திரை குத்துகிறார்கள். விதிப்படி அதில் தப்பு இல்லை. ஆனால் பழைய அட்டை சேர்ப்பவருக்கு அது கெட்டுப்போன சரக்கு, நம் ஆட்களுக்கு இன்னும் ஒரு மேக்சிமம் கார்டு, அவ்வளவே. இப்போது கடையில் கிடைக்கும் சாதாரண அட்டையே போதும், பழையதை விட்டுவிடுங்கள்.