கொழும்பில் ஓர் அறை

ஒன்றாம் திகதி கொழும்புக் கோட்டைப் பகுதியில் வேலைக்குச் சேர வேண்டும். இரண்டு நாள் அறை தேடி அலைந்துவிட்டு நேற்றிரவுதான் மலையகத்து அட்டனுக்குத் திரும்பினேன். கம்பளிக்குள் சுருண்டபடி இதை எழுதுகிறேன்.

"வெள்ளவத்தைதான், வேறு பேச்சே வேண்டாம்" என்றார் மாமா. நியாயம்தான். காலி வீதிக்கு வந்தால் 100, 101 இலக்க பஸ்கள். கடற்கரைப் பக்கம் இறங்கினால் ரயில், பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி தாண்டிக் கோட்டைக்கே போய்விடலாம். தமிழ்க் கடைகளுக்கும் குறைவில்லை. ஆனால் நான் பார்த்த அறை! ஜன்னலைத் திறந்தால் ஒரு சாண் தள்ளிப் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். அதில் ஓர் ஏசிப் பெட்டி சொட்டிக்கொண்டிருக்கிறது. "காற்று வராதா ஐயா?" என்றேன். "கடல் பக்கத்தில்தானே தம்பி" என்றார் வீட்டுக்காரர், ஒரு வருட முற்பணத்தைக் கேட்டுக்கொண்டே. கடலுக்கும் எனக்கும் இடையில் நாலு மாடிகள்.

வத்தளை மலிவு என்கிறார்கள். தினமும் காலையில் களனிப் பாலத்து நெரிசலில் நிற்க எனக்குப் பொறுமை இல்லை.

மனம் கொட்டாஞ்சேனையில் நிற்கிறது. இரைச்சலும் சந்தடியும் உண்டு. ஆனால் கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் பக்கம் தேநீர் குடிக்கப் போனால், கடையில் நின்ற பையன் நம் மலையகத்து மஸ்கெலியாக்காரன். சீனியைக் கேட்காமலே குறைத்துப் போட்டான். புறக்கோட்டை வழியாக அலுவலகத்துக்கு நடந்தேகூடப் போகலாம். அறை சிறியதுதான், ஜன்னலில் கொஞ்சம் வானம் தெரிகிறது.

"குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருமா?" என்று அம்மா கேட்டார். திறந்து பார்க்கவே மறந்துவிட்டேன். அந்தப் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.